இரண்டு பதினைந்தும் ஒரு பரவாயில்லையும்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறைத்தால் ஐந்தாம் பகுதியில் கையும் களவுமாகப் பிடிபடுவேன், அதனால் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி, பிற்பகல் இரண்டு பன்னிரண்டுக்கு வரவேண்டிய ரயில் ஆறு நிமிடம் தாமதமாக ஹமாசே நிலையத்துக்கு வந்தது. மலைப்பக்கம் அடித்த காற்றில் தண்டவாளத்தின் மேல் மூங்கில் சாய்ந்துவிட்டதாம். ரயிலை விட்டு இறங்கி, மேம்பாலப் படியேறி இறங்கி, வாயிலில் சீட்டைக் காட்டி, முன்வாசலுக்கு ஓடி நான்காம் நிறுத்தத்துக்கு வந்தால், துறைமுகத்துக்குப் போகும் இரண்டு பதினைந்து பேருந்தின் முதுகு தெரிந்தது. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

ஐந்து பேர் நின்றோம். அதில் இருவர் எதிர்த்தீவுக்காரர்கள். வாரத்துக்கு மூன்று நாள் நகர மருத்துவமனைக்குப் போய் சிறுநீரகக் கோளாறுக்கு இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்புகிறவர்கள். இரண்டு ஐம்பது படகை விட்டால் அவர்களுக்கு அடுத்த படகு ஐந்து பத்துக்கு. ஆலங்கட்டியா மழையா என்று தீர்மானிக்காமல் எதுவோ பெய்துகொண்டிருந்தது.

பேருந்து அலுவலகத்தின் சீட்டுச் சன்னலில் இருக்கும் பெண் கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்தாள். குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

"டிரைவர் போன்ல 'நிக்கட்டுமா'ன்னு கேட்டாருங்க. நான் 'பரவாயில்லை'ன்னேன். நிக்கட்டும், பரவாயில்லைங்கற அர்த்தத்துல. அவரு வேண்டாம்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. தப்பு என்னோடது."

தீவுக்காரர்கள் அவளைவிட ஆழமாகக் குனிந்து, "ஐயோ, பரவாயில்லைங்க" என்றார்கள். அவள் அவர்களுக்கு டாக்சி பிடித்துக் கொடுத்தாள். நான் மட்டும் வீட்டுக்கு ஐம்பது நிமிடம் நனைந்துகொண்டே நடந்தேன். நடக்க நடக்க எனக்குள் ஒரு கடிதம் வளர்ந்தது. மறுநாள் அதை நிலையத்திலிருக்கும் கருத்துப் பெட்டியில் போட்டேன். படிவத்தில் எட்டு வரிதான் இடம். பின்பக்கமும் எழுதினேன்.

போட்ட பிறகுதான் சிரிப்பு வந்தது. பதினேழு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், பக்கத்து ஊர் மீன்கேக் ஆலையில் அதிகாலை வேலை. இவர்களின் ஜப்பானிய மொழியில் எத்தனையோ சொற்களுக்குத் தமிழ் தேடித் தோற்றிருக்கிறேன். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தேடவே வேண்டியிருக்கவில்லை. 'நன்றாயிருக்கிறது' என்றும் 'வேண்டாம்' என்றும் ஒரே மூச்சில் பொருள் தரும் சொல் உலகத்தில் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன், மூன்றையும் விட்டுவைக்கிறேன், என் கஷ்டம் உங்களுக்கும் தெரியட்டும்.

(அ) "கடல் அன்று சாம்பல் நிறத்தில்" — வேண்டாம். கடல் எல்லா ஜனவரியிலும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். எங்கள் நிலையத்திலிருந்து அது தெரியவும் தெரியாது. இடையில் ஒரு பல்பொருள் அங்காடி.

(ஆ) "ஜப்பான் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது வேக ரயில்" — வரட்டும். அது எங்கள் ஊரில் நிற்காது. இரண்டு பெட்டி ரயில்தான் நிற்கும்.

(இ) "சிகுசாவின் வலதுகால் காலையிலிருந்து பிரேக்கின் மேல் இருந்தது."

மூன்றாவதை முதலில் அடித்துவிட்டு, பிறகு அடித்ததை அடித்தேன். அதுதான் கதை. அவள் எங்கும் வண்டி ஓட்டவில்லை, சன்னலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*பெயர் பற்றி ஒன்று. இந்த ஊரில் கூட வேலை செய்பவரைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள். அவள் குவபாரா. ஆனால் பேருந்து அலுவலகத்தில் மூன்று குவபாராக்கள் இருந்ததால் அவளை மட்டும் சிகுசா சான் என்றார்கள் ('சான்' மரியாதைக்குச் சேர்ப்பது). எனக்கும் அது வசதி.*

3

சிகுசாவுக்கு நாற்பத்தாறு வயது. ரயில் ஒரு நிறுவனம், பேருந்து இன்னொரு நிறுவனம். இவர்கள் அவர்களுக்கு உத்தரவு போட முடியாது, அவர்கள் இவர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நடுவில் இருப்பது ஒரு கண்ணாடிச் சன்னல், ஒரு தொலைபேசி, சிகுசா. ரயில் தாமதம் என்றால் நிலையப் பணியாளர் கையை உயர்த்தி விரல்களால் நிமிடத்தைக் காட்டுவார். அவள் ஓட்டுநருக்குச் சொல்வாள். பதினான்கு வருடமாக ஹமாசேயில் ரயிலும் பேருந்தும் படகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது அவள் குரலால்தான்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் இடையே மூன்று நிமிடம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஏராளம், முட்டிவலிக்காரர்களுக்குப் போதாது. யார் யார் மேம்பாலப் படியில் எத்தனை முறை நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இனி எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். (எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன்.) இரண்டு பதினைந்துக்குப் பேருந்து கிளம்பியதும் அவளும் கிளம்பிவிடுவாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். இரண்டு பத்தொன்பதுக்குச் சிமெண்டுக் கிடங்கு வளைவு. இரண்டு இருபத்துமூன்றுக்குக் கோயில் இறக்கம், இரண்டாம் கியருக்கு மாற்ற வேண்டும். அங்கே மேசைக்கடியில் அவள் இடதுகால் அழுந்தும், வலதுகால் மெல்ல மெல்ல இறங்கும். இரண்டு முப்பத்தொன்றுக்குத் துறைமுகம். எவரும் எவர் காலையும் மிதிக்காமல், எவரும் முன்னால் சாயாமல் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த பயணியிடம், "சொல்லுங்க, எங்க போகணும்?" என்பாள்.

அவள் கணவன் ஷூகோ கணவாய் காயவைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறான். (கணவனும் கணவாயும் அடுத்தடுத்து வருவதைத் திருத்தலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.) ஒருநாள் அவனிடம் மட்டும் பேருந்து ஓட்ட ஆசை என்று சொல்லிப் பார்த்தாள்.

"பஸ்ஸா? நம்ம கார் கண்ணாடியத் தபால் பெட்டியில இடிச்சவ நீ."

"அந்தத் தபால் பெட்டி வெச்ச எடமே தப்பு."

"எடம் தப்புன்னா, முப்பது வருஷமா அங்கதானே நிக்குது?"

அத்தோடு பேச்சு முடிந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

4

ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். நெசு.

முதல் வரைவில் பேருந்து ஓட்டுநர் நெசுவை வில்லனாக்கியிருந்தேன். நனைந்தவன் எழுதிய வரைவு, வேறெப்படி இருக்கும். கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார் என்றுகூட எழுதியிருந்தேன். பச்சைப் பொய். அவருக்கு வயது அறுபத்துநான்கு, இடுப்பெலும்பு தேய்ந்துபோய், இருக்கையில் இரண்டு தலையணை வைத்து ஓட்டுகிறவர். சம்பவம் நடந்த மறுநாளே சன்னலுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"சிகுசா சான், நேத்து என் காது கெட்டுப்போச்சு."

"உங்க காது நல்லாத்தான் இருக்கு. என் வாய்தான்."

"சரி, ஆளுக்குப் பாதி. இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க. அப்புறம் போன் பண்ணி நிக்கட்டுமான்னு கேக்க ஆளே இருக்காது."

அதற்கான அறிவிப்பு ஜனவரி முதலே நிலையப் பலகையில் தொங்கியது. மார்ச் பதினைந்தில் புது அட்டவணை. அன்று முதல் இரண்டு பதினைந்து துறைமுகப் பேருந்து கிடையாது. காரணம், ஓட்டுநர் பற்றாக்குறை. நெசு பதினான்காம் தேதி ஓய்வுபெறுகிறார். மற்ற ஓட்டுநர்களுக்கு மற்ற பாதைகளே தலைக்கு மேல். இந்த நாட்டில் எல்லா ஊரிலும் இதே கதைதான்.

"எனக்கப்புறம் அந்தக் கோயில் எறக்கத்துல நாய்கூட வண்டி ஓட்டாது" என்றார் நெசு.

"நாய்க்கு லைசென்ஸ் குடுக்க மாட்டாங்க, நெசு சான்."

"அதுவும் சரிதான். கேட்டுப் பாத்தீங்களா?"

இருவரும் சிரித்தார்கள். சிகுசா சிரித்தபடியே கண்ணாடியைத் துடைத்தாள். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பேருந்து போனால் தீவுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது ஒரு துக்கம். இன்னொரு துக்கத்தை அவள் யாரிடமும் சொல்ல முடியாது. அந்தப் பேருந்தை ஓட்டியிருக்க வேண்டியவள் அவள்.

4அ

மூன்று வருடம் முன்பு. ஆண்டிறுதிச் சுத்தம். டிசம்பர் கடைசியில் இந்த ஊரில் மேலாளர் முதல் எல்லோரும் துணியும் வாளியுமாக இறங்கிவிடுவார்கள். பேருந்து அலுவலகத் தலைவர் ஒகுமுரா சன்னலின் வெளிப்பக்கத்தையும் சிகுசா உள்பக்கத்தையும் ஈரச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒகுமுரா கண்ணாடி வழியாகவே கேட்டார்.

"சிகுசா சான், பெண் டிரைவர் எடுக்கச் சொல்லித் தலைமையகத்துல இருந்து வந்திருக்கு. பயிற்சி எல்லாம் கம்பெனியே குடுக்குது. நீங்க வர்றீங்களா?"

அவள் கை தானாகக் கண்ணாடியில் வட்டம் போட்டது. சொன்னாள்: "பரவாயில்லை."

"அப்படியா. சரி, சரி. வாளி எங்க வெச்சீங்க?"

அவ்வளவுதான் நடந்தது.

*நம் வீடுகளில் விருந்தாளியிடம் "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால், "பரவாயில்லைங்க" என்பார். அதைக் கேட்டு யாராவது அடுப்பை அணைப்பார்களா? முதல் மறுப்பு கணக்கில் சேராது. "அட, ஒரு வாய்" என்று இரண்டாம் முறையும் "போட்டாச்சு" என்று மூன்றாம் முறையும் கேட்டால்தான் அது உபசாரம். இந்த ஊரிலும் அதே வழக்கம், ஆனால் இரண்டாவது முறையோடு நிறுத்திக்கொள்வார்கள். சிகுசாவின் வீட்டில் எல்லோரும் இரண்டு முறை கேட்பவர்கள். ஒகுமுரா அலுவலகங்களில் முப்பது வருடம் இருந்தவர். அங்கே ஒரு முறைதான்.*

இதைப் படித்த நண்பர் ஒருவர் மதுரையிலிருந்து கேட்டார்: "அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? அவள் மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாமே. மூன்று வருடம் சும்மா இருந்தாள் என்பதை நம்ப முடியவில்லை."

நானும் முதலில் நம்பவில்லை. அந்த இடத்தில் "அவளுக்குத் தன்னம்பிக்கை" என்று ஒரு வாக்கியம் தொடங்கி

நிறுத்திவிட்டேன். அது காரணமே இல்லை. அவள் போய், "நான் சரி என்றுதான் சொன்னேன்" என்றால், தலைவர் தப்பாகக் கேட்டார் என்றாகிவிடும். இந்த ஊரில் ஒருவருடைய காதின் மேல் குற்றம் சுமத்துவது அவர் காலை மிதிப்பது மாதிரி. முதல் வாரம் கூச்சத்தில் போனது. ஒரு மாதம் போன பின், இவ்வளவு நாள் கழித்தா என்ற கூச்சம். ஒரு வருடத்துக்குப் பிறகு அது நடந்ததையே அவரிடம் நினைவூட்ட முடியாத நிலை. நண்பரே, நீங்கள் எதையும் இப்படி ஆறவிட்டதே இல்லையா?

5

இனி என் கடிதம்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி, மதியம் ஒன்றே முக்காலுக்கு ஒகுமுரா சிகுசாவை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் படிவம், எட்டு வரியும் பின்பக்கமும். (நான் அங்கே இல்லை. இந்தப் பகுதியை, பிப்ரவரியில் நான் ஓர் இனிப்புப் பெட்டியோடு மன்னிப்புக் கேட்கப் போனபோது சிகுசாவே சொன்னாள். பெட்டியை நீட்டியதும், "ஐயோ, பரவாயில்லைங்க" என்றாள். நான் விடாமல் இன்னொரு முறை நீட்டினேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். பிறகுதான் பேசவே ஆரம்பித்தாள். மேசைக்கடியில் கால் அழுந்துவதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.)

"நேரம், நிறுத்தம், மழை எல்லாம் எழுதியிருக்காரு" என்றார் ஒகுமுரா. "எழுத்துப்பிழை மூணு. ஆனா விஷயம் தெளிவா இருக்கு. 'நிக்கட்டுமா'ன்னு கேட்டதுக்கு நீங்க 'பரவாயில்லை'ன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"என்ன நெனச்சு சொன்னீங்க?"

"நிக்கட்டும்னு நெனச்சு."

"சிகுசா சான், பரவாயில்லைன்னா யாரா இருந்தாலும் வேண்டாம்னுதானே எடுத்துக்குவாங்க."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். நானா இருந்தாலும்."

"அது தெரியும்" என்றாள் சிகுசா. "மூணு வருஷமாத் தெரியும்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். ஒகுமுரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தெரியும்?"

"சன்னல் தொடச்சிக்கிட்டிருந்தோம். பஸ் ஓட்ட வர்றீங்களான்னு கேட்டீங்க."

"கேட்டேன். நீங்க வேண்டாம்னீங்க."

"பரவாயில்லைன்னேன்."

ஒகுமுரா கழற்றிய கண்ணாடியை என் படிவத்தின் மேல் வைத்தார்.

"அப்போ அது… சரின்னா?"

"சரின்னுதான்."

"இன்னொரு வாட்டி சொல்லியிருக்கலாமே."

"இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாமே."

என்னிடம் இதைச் சொல்லும்போது சிகுசா சன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அழுகை வந்துவிடும்போல இருந்ததாம், கோபம்தான் காப்பாற்றியதாம்.

"நான் மறுபடி கேட்டா, தலைவர் அழுத்தம் குடுக்கறாருன்னு ஆயிடுமேன்னு விட்டேன்" என்றார் ஒகுமுரா.

"நான் ஒடனே சரின்னா, இதுக்குன்னே காத்திருந்த மாதிரி ஆயிடுமேன்னு…"

"காத்திருந்தீங்களா?"

"ஆமா."

இந்த 'ஆமா' என்ற சொல்லை நான் இட்டுக்கட்டவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். பதினான்கு வருடத்தில் அவள் அந்த அறையில் தனக்காகச் சொன்ன முதல் 'ஆமா' அதுதான்.

6

ஒகுமுரா விரல்விட்டு எண்ணினார். ஓட்டுநர் பள்ளியில் இடம், பெரிய வண்டிக்கான பயணிகள் உரிமம், பிறகு பாதைப் பயிற்சி. எப்படி எண்ணினாலும் மே மாதத்துக்கு முன் அவள் தனியாக வண்டியெடுக்க முடியாது. பேருந்து மார்ச்சில் நிற்கிறது.

"ரெண்டு மாசம்தானே, நிறுத்திட்டு மறுபடி விடலாம்ல?" என்றாள்.

"அட்டவணையில இருந்து ஒரு வரி போச்சுன்னா திரும்பி வராது, சிகுசா சான். நான் எத்தனை வரி பாத்திருக்கேன். ஆனா வரி உள்ள இருக்கும்போதே, இந்தப் பாதைக்கு ஆள் தயாராகுதுன்னு தலைமையகத்துக்கு எழுதினா…" அவர் நிறுத்தினார். "அவங்க நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்கறதில்லன்னு ஒரு வழக்கம் வேற வெச்சிருக்காங்க. அத நான் பேசிக்கறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடியே இவங்க சரின்னுட்டாங்க, கேட்டவன் காதுதான் தப்புன்னு எழுதறேன்."

தன் காதின் மேல் தானே குற்றம் சுமத்திக்கொண்டார். இதை எழுதும்போது எனக்கு ஒகுமுராவைப் பிடித்துப்போனது. வரைவில் அவருக்கும் முதலில் நல்ல பெயர் கொடுக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றுதான். நெசு மே மாதம் வரை ஓட்ட வேண்டும். அந்த இடுப்போடு. ஒகுமுரா தொலைபேசியை எடுத்தார். நான்காம் நிறுத்தத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நெசு தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். மணி இரண்டு ஏழு.

"நெசு சான், ஒரு விஷயம். மார்ச் பதினாலுக்கப்புறம் மே கடைசி வரைக்கும் இன்னும் ரெண்டரை மாசம் ஓட்ட முடியுமா? … ஆமா, காரணம் இருக்கு, அப்புறம் சொல்றேன். … ம். … ம்."

வைத்துவிட்டுத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"பரவாயில்லையாம்" என்றார் ஒகுமுரா.

7

இங்கே மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்று: இருவரும் அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். மார்ச் பதினைந்தில் வரி போகிறது. தீவுக்காரர்கள் நகரத்துக்கே குடிபோகிறார்கள். சிகுசா சன்னலைத் துடைக்கிறாள். இலக்கியம் தெரிந்தவர்கள் இந்த முடிவைத்தான் பாராட்டுவார்கள். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் கோபம் வந்தது.

இரண்டு: 'சரி' என்று எடுத்துக்கொண்டு, தலைமையகத்துக்கு எழுதி, மார்ச் பதினைந்து மதியம் நெசு வீட்டில் வெந்நீர்த் தொட்டியில் படுத்திருக்கிறார், நான்காம் நிறுத்தத்தில் வண்டி இல்லை. வேடிக்கையாக இருக்கும். தீவுக்காரர்களுக்கு இருக்காது.

மூன்றாவதை நான் எழுதத் தேவையிருக்கவில்லை, பார்த்தேன். அன்று இரண்டு பன்னிரண்டு ரயில் சரியான நேரத்துக்கு வந்தது, நான் அதில் இறங்கி, பேருந்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தீவுக்காரர்கள் இருவரும் முன்னிருக்கையில். சன்னலுக்குப் பின்னால் சிகுசாவுக்குப் பதில் ஒகுமுரா உட்கார்ந்திருந்ததைக் கண்டு, என் கடிதத்தால் அவள் வேலை போய்விட்டதோ என்று பயந்தேன்.

மணி இரண்டு பதினான்கு. முன்வாசலைக் கடந்து சிகுசா வந்தாள். ஓடவில்லை, நடந்தாள். செருப்பு மாற்ற மறந்து, அலுவலகத்துக்குள் போடும் வெள்ளைச் செருப்போடேயே தெருவில் இறங்கியிருந்தாள். இந்த ஊரில் வீடு பற்றியெரிந்தால்கூட வாசலில் நின்று செருப்பு மாற்றிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். முன்கதவுப் படியில் ஏறி நின்றாள்.

"நெசு சான். பரவாயில்லைன்னீங்களாம்."

"ஆமா."

"எந்தப் பரவாயில்லை?"

நெசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி கெளம்பணும்."

"சொல்லிட்டுக் கெளம்புங்க."

"என் இடுப்பு லட்சணம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதான் ரெண்டாவது வாட்டி கேக்க நானே வந்தேன். மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க, எனக்குப் புரியும். ஆனா முழுசாச் சொல்லுங்க." அவள் மூச்சு வாங்கினாள். "இந்த வண்டிய நான் ஓட்டணும், நெசு சான். கத்துக்கிட்டு வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

அப்போது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முன்னிருக்கையிலிருந்த தீவுக்காரப் பெண்மணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

நெசு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"அந்தச் செருப்போட பிரேக் மிதிக்க முடியாது" என்றார். "குதிகால் மூடின ஷூ வாங்குங்க. அடி மெல்லிசா இருக்கணும். அப்பத்தான் கால்ல வண்டி தெரியும்."

"இதற்கு அவர் 'சரி' என்று சொன்னார் என்று பொருள்" என ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

தலைமையகம் இன்னும் பதில் போடவில்லை. இன்று பிப்ரவரி இருபத்தாறு. அறிவிப்பு பலகையிலேயே தொங்குகிறது. நெசு இரண்டு தலையணையை மூன்றாக்கியிருக்கிறார். அவள் மே மாதத்தில் கோயில் இறக்கத்தில் இரண்டாம் கியர் போடுவாளா என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள். நான் பரவாயில்லை என்பேன். தயவுசெய்து, இன்னொரு முறை கேளுங்கள்.